டிரைவர் இல்லாத நாடாக்கள்: புதுப்பித்தலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

பதினோரு நாடாக்கள். எட்டு விஎச்எஸ், மூன்று மினி டிவி. செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரின் பேத்தி அவற்றை அரிசிப் பையில் போட்டுக் கட்டி என்னிடம் கொடுத்தபோது, ‘இதுல தாத்தா பொன்னுருவி வேஷம் கட்டுனது இருக்குதாம் சார், நாங்க யாரும் பாத்ததில்ல’ என்றாள். வாத்தியார் இறந்து ஆறு வருஷமாகிறது. அவரைக் கர்ணனாகவும் துரியோதனனாகவும் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெண் வேஷம் கட்டிய காலத்து வாத்தியாரைப் பார்த்தவர்கள்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1996-ல் ஒரு கருமாதிக்கு வைத்த ‘கர்ண மோட்சம்’ கூத்தைக் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் காமிராவை ஒரே இடத்தில் நிறுத்தி விடிய விடிய எடுத்திருக்கிறார். வாத்தியார் கடைசியாகக் கட்டிய பொன்னுருவி அதுதான் என்கிறார்கள்.

விசிஆர் இரவல். யுஎஸ்பியில் செருகுகிற கேப்சர் கருவி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி வைத்திருந்தேன். பெட்டிக்குள் கிடந்த குறுந்தகட்டை நான் சீந்தவில்லை. படித்தவன் செய்கிற காரியத்தைச் செய்தேன்: நிறுவனத்தின் தளத்துக்குப் போய், இருப்பதிலேயே கடைசியாக வந்த மென்பொருள் பதிப்பை இறக்கி நிறுவினேன். நாடா ஓடியது. பதினான்காவது நிமிஷம், திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடிவிட்டுக் கர்ணன் வெளியே வருகிற நேரத்தில் படம் நின்று ஒரு வாசகம் வந்தது. இந்த உள்ளடக்கம் நகலெடுப்பதற்கு எதிராகப் பாதுகாக்கப்பட்டுள்ளது, பதிவு செய்ய இயலாது.

யார் பாதுகாத்தது? யாரிடமிருந்து? மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் ஏறக்குறைய அதே இடம். பஜார் தெருவில் கணிப்பொறி பழுதுபார்க்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். அவனிடம் கொண்டுபோனேன். கருவியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ‘அண்ணா, டிரைவர் அப்டேட் பண்ணீங்களா? அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க’ என்றான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எழுதுகிற உரை என்று வைத்துக்கொள்ளலாம்.

2

எம்.ஏ. தமிழில் எங்களுக்குச் சுவடிப் பதிப்பியல் ஒரு தாளாக இருந்தது. ஏட்டைப் படிப்பதற்குக் கண்ணும் எழுத்துப் பழக்கமும் போதும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். புள்ளியில்லாத மெய், எகர ஒகரக் குழப்பம், காலும் ரகரமும் மயங்குகிற இடம் எல்லாம் பழகப் பழகப் பிடிபட்டுவிடும். பெயர்த்தெழுதியவன் தூங்கி வழிந்து ஒரு வரியை விட்டிருக்கலாம். கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கலாம். ஆனால் ‘உனக்கு அனுமதியில்லை’ என்று ஏடு யாரிடமும் சொன்னதில்லை. (அப்படிச் சொன்னவர்கள் ஏட்டுக்கு வெளியே நின்றார்கள் என்பது தனிக்கதை.) காந்த நாடா இந்த வகையில் அடிப்படையிலேயே வேறுவிதமான பிரதி. அதில் கண்ணுக்குத் தெரிவது எதுவுமில்லை. அது வாசிக்கப்பட வேண்டுமென்றால் வாசிக்கும் இயந்திரம் வேண்டும். கணிப்பொறிக்குள் போக வேண்டுமென்றால் கேப்சர் கருவி வேண்டும். அந்தக் கருவி வேலை செய்ய டிரைவர் என்கிற மென்பொருள் வேண்டும்.

1990களில் நம்முடைய பக்கங்களில் தொலைக்காட்சி பற்றியும் வீடியோ பற்றியும் எழுதப்பட்டவற்றைத் தேடிப் படித்திருக்கிறேன். பிம்பம், கருத்தியல், நுகர்வு, வெகுசன மனத்தைக் கட்டமைத்தல் என்று அந்தக் கட்டுரைகள் நிறையப் பேசின. பேசியது தப்பென்று சொல்ல மாட்டேன், அவற்றைப் படித்துத்தான் நானே எழுத வந்தேன். ஆனால் அவை பெட்டியின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்தன. பின்பக்கம் எந்த ஒயர் எங்கே போகிறது, அதை யார் அனுமதிக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அதே நண்பர்கள் நடத்திய கூட்டங்களின், நாடகப் பயிற்சிப் பட்டறைகளின் நாடாக்கள் இன்றைக்குப் பரண்களில் கிடக்கின்றன. நமக்கு மின்சாமான் என்றாலே எலெக்ட்ரீஷியன் விஷயம். கோட்பாட்டுக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் நடுவில் நாமும் ஒரு வர்ணக் கோடு போட்டு வைத்திருந்தோம்.

டிரைவர் என்பதைத் துபாஷி என்று சொன்னால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும். கும்பினிக்காரனுக்குத் தமிழ் தெரியாது, நெசவாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த துபாஷி நின்றான். வியாபாரம் நடந்தது. விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கு உங்கள் கேப்சர் கருவியின் பாஷை தெரியாது. கருவிக்கு இயங்குதளத்தின் பாஷை தெரியாது. டிரைவர் நடுவில் நிற்கிறது. துபாஷி செத்துப்போனால் கும்பினியும் இருக்கும், தறியும் இருக்கும், பேச்சுதான் நின்றுபோகும். கருவி கெட்டுப்போகவில்லை, ஆனால் கருவியாகவும் இல்லை. என் பெட்டியிலேயே அப்படி இரண்டு இருக்கின்றன.

3

வீடியோ வீட்டுக் கணிப்பொறிக்குள் நுழைந்த வரலாற்றை 1991 டிசம்பரில் ஆப்பிள் வெளியிட்ட குவிக்டைமிலிருந்து அல்லது 1992 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘வீடியோ ஃபார் விண்டோஸ்’ மென்பொருளிலிருந்து தொடங்குவது வழக்கம். தொழில்முறைக்காரர்களுக்கு 1989-லேயே அவிட் வந்துவிட்டது. 1990-ல் அமிகா கணிப்பொறிக்கான வீடியோ டோஸ்டர் வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது 1992தான். ஏனென்றால் அப்போதுதான் கேப்சர் கருவி செய்கிறவன் யாராக இருந்தாலும் அவன் எழுதுகிற டிரைவர் இன்ன இலக்கணத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று இயங்குதளத்துக்காரன் விதி எழுதுகிறான். அந்த விதியில் ஒரு சின்னச் சங்கதி: கணிப்பொறியில் உள்ள கேப்சர் டிரைவர்களுக்கு 0 முதல் 9 வரை எண் கொடுக்கலாம். பத்து பேருக்கு மேல் பந்தியில் இடமில்லை. பத்தே அதிகம் என்று அன்றைக்கு நினைத்திருப்பார்கள்.

அந்தக் காலத்து அட்டைகளை நிறுவியவர்களின் பாட்டைக் கேட்டால் பரிதாபமாக இருக்கும். கணிப்பொறியைத் திறந்து, அட்டையைச் செருகி, ஜம்பர் என்கிற குட்டிக் கவ்விகளை மாற்றிப் போட்டு, ஒலி அட்டையும் இதுவும் ஒரே குறுக்கீட்டு எண்ணுக்குச் சண்டை போடாமல் பார்த்து, பிளாப்பியிலிருந்து டிரைவர் ஏற்ற வேண்டும். புதிய பதிப்பு வேண்டுமென்றால் அதுவும் பிளாப்பியில் தபாலில் வரும், இல்லையென்றால் தொலைபேசி வழியே மோடத்தில் இறக்க வேண்டும். கிடைத்த படமோ தபால் தலை அளவு.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டில் புழங்கிய பால் முறையில் ஒரு வினாடிக்கு 25 சட்டகம். ஒரு சட்டகத்தை 720க்கு 576 புள்ளிகளாகப் பிரித்து, புள்ளிக்கு இரண்டு பைட் வைத்தால் வினாடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட்டுகள் வருகின்றன. 1990களின் நடுவில் வீட்டுக் கணிப்பொறியின் வன்தட்டால் அந்த வேகத்தில் எழுத முடியாது. எனவே அட்டையிலேயே ஒரு சில்லைப் பதித்து, படத்தை ஜேபெக் முறையில் சுருக்கி உள்ளே அனுப்பினார்கள். இங்கேதான் ஒரு புதுவிதமான சிறை கட்டப்படுகிறது. சுருக்கிய அட்டைதான் விரிக்கவும் வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் கோப்பின் நெற்றியில் நான்கெழுத்து முத்திரை ஒன்றைக் குத்தியது. மேட்ராக்ஸ் அட்டைகளில் பதிவான கோப்புகளின் முத்திரை ‘டிஎம்பி1’. அந்த முத்திரையை அறிந்த மென்பொருள் இல்லாத கணிப்பொறியில் கோப்பு திறக்காது. கோப்பு உங்களுடையது, சாவி அட்டையோடு போகும். பிற்காலத்தில் எஃப்எஃப்எம்பெக் போன்ற பொது மென்பொருள்கள் இந்த முத்திரைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் படிக்கக் கற்றுக்கொண்டிராவிட்டால் அந்தக் காலத்துப் பதிவுகளில் ஒரு பங்கு ஊமையாகவே போயிருக்கும்.

இன்னொன்று, இரண்டு கிகாபைட் எல்லை. அன்றைய ஏவிஐ கோப்பு முறையும் அன்றைய வட்டு முறையும் அதற்கு மேல் தாங்காது. பின்னால் வந்த டிவி வகைப் பதிவில் இது ஒன்பது நிமிஷத்துச் சொச்சம். கூத்தில் ஒன்பது நிமிஷம் என்றால் ஒரு வேஷக்காரர் திரையைப் பிடித்துக்கொண்டு தன்னை அறிமுகம் செய்து முடிக்கிற நேரம்கூட ஆகாது. 1996-ல் ஓபன்டிஎம்எல் என்ற விரிவாக்கத்தால் இந்த எல்லை உடைந்தது. ஆனால் மென்பொருளைப் புதுப்பித்தவனுக்குத்தான் உடைந்தது. புதுப்பித்தலின் வரலாற்றை நான் முழுக்கச் சதி வரலாறாக எழுதவில்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

4

1990களின் பின்பாதியில் புரூக்ட்ரீ என்ற நிறுவனம் பிடி848 என்றொரு சில்லைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து பிடி878. தொலைக்காட்சியையும் விசிஆரையும் கணிப்பொறிக்குள் இழுத்துவர இந்த ஒரு சில்லும் சில உதிரிகளும் போதும். விலை மலிவு. தைவானிலும் சீனாவிலும் ஐரோப்பாவிலும் எத்தனையோ பேர் அதை வாங்கி அட்டையில் பற்றவைத்துத் தங்கள் பெயரை ஒட்டி விற்றார்கள். சில்லைச் செய்த நிறுவனத்தை 1996-ல் ராக்வெல் வாங்கியது. ராக்வெல்லின் சில்லுப் பிரிவு 1999-ல் கோனெக்சன்ட் என்று பிரிந்தது. பெயர் மாறிக்கொண்டே இருந்தது, சில்லு ஒன்றேதான்.

விண்டோஸில் ஒவ்வொரு அட்டைக்காரனும் தனக்கென்று டிரைவர் கொடுத்தான். விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 காலத்தில் டிரைவர்களின் இலக்கணமே மாறியபோது (டபிள்யூடிஎம் என்றார்கள்) பழைய டிரைவரை எழுதிய பலர் கடையைக் கட்டியிருந்தார்கள், அல்லது புதுச் சரக்கு விற்கிற மும்முரத்தில் இருந்தார்கள். கருவியை வாங்கியவன் தனித்து விடப்பட்டான். லினக்ஸில் நடந்ததுதான் சுவாரசியமான விஷயம். அங்கே நிறுவனம் பார்த்து டிரைவர் எழுதவில்லை, சில்லைப் பார்த்து எழுதினார்கள். ரால்ஃப் மெட்ஸ்லர் தொடங்கிய பிடிடிவி என்கிற டிரைவர் இந்தக் குடும்பத்து அட்டைகள் அத்தனைக்கும் பொது. ஆனால் சில்லு ஒன்றானாலும் சுற்றியுள்ள உதிரிகள் வேறு. எந்த அட்டை என்று அட்டையே சொல்லிக்கொள்ளும் வசதி பழைய பிடி848-ல் இல்லை. அதனால் ஒரு பட்டியல் போட்டார்கள். உங்கள் அட்டை எதுவென்று பார்த்து, அதன் எண்ணை டிரைவருக்கு நீங்களே சொல்ல வேண்டும். யாராவது ஓர் ஊரில் பட்டியலில் இல்லாத அட்டை ஒன்று வந்தால், அவர் தட்டுத் தடுமாறி அதன் குணங்களைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புவார். பட்டியல் ஒரு வரி நீளும். இப்படி நூற்றறுபதைத் தாண்டியது. அந்தப் பட்டியலின் முதல் இலக்கம் பூஜ்ஜியம். அதற்கு நேரே எழுதியிருப்பது ‘அறியப்படாதது, பொது’ என்று.

நிகண்டு தொகுத்தவர்களை நினைத்துக்கொண்டேன். இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பயன்படுத்துகிறவர்கள் கூடி ஒரு பொருளின் வரலாற்றைத் தாங்களே எழுதிவைத்த ஆவணம் அது. 2023-ல் லினக்ஸின் பழைய வீடியோ நினைவகத் தாங்கல் முறையைக் களைந்துவிட முடிவு செய்தார்கள். அதை நம்பியிருந்த பழைய டிரைவர்களில் சிலவற்றை நீக்கவும் செய்தார்கள். ஆனால் பிடிடிவியை நீக்காமல் புதிய முறைக்கு மாற்றி எழுதினார்கள். செய்தவனும் விற்றவனும் மறந்துபோன, கால் நூற்றாண்டு கடந்த ஒரு சில்லுக்கு 2023-ல் ஒரு அப்டேட். நான் இதை அறிந்தபோது மெய்யாகவே கொஞ்சம் நெகிழ்ந்துபோனேன், ஒளிப்பானேன். உடனே சொல்லிவிட வேண்டும், லினக்ஸ் உலகமும் மறதிக்கு விலக்கல்ல. வீடியோவுக்கான அதன் முதல் இலக்கணத்தை 2011-ல் அவர்களும் தூக்கி எறிந்தார்கள். அதை நம்பி எழுதிய மென்பொருள்கள் நின்றுபோயின. வித்தியாசம் என்னவென்றால், எறிந்தது எங்கே கிடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், எடுத்துவந்து ஒட்டவும் செய்யலாம்.

5

ஃப்ரெட்ரிக் கிட்லர் என்கிற ஜெர்மானிய ஊடக வரலாற்றாளர் 1990களின் தொடக்கத்தில் இன்டெல் சில்லுகளின் ‘காப்புநிலை’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஃபூக்கோவை நாம் சிறைக்கும் மருத்துவமனைக்கும் பொருத்திப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் சில்லுக்குள் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினார். 1985-ல் வந்த 80386 சில்லில் நான்கு வளையங்கள் உண்டு. நடுவளையத்தில், பூஜ்ஜியத்தில், இயங்குதளத்தின் கரு. வெளிவளையம் மூன்றில் நாமும் நம் மென்பொருள்களும். நடுவில் உள்ள இரண்டையும் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. நமக்கு இதை விளக்க ஜெர்மனிக்குப் போக வேண்டாம். கருவறை, அர்த்தமண்டபம், மகாமண்டபம், வெளிப்பிரகாரம். கேப்சர் கருவியின் டிரைவர் பெரும்பாலும் பூஜ்ஜிய வளையத்தில், கருவறையில் நின்று வேலை பார்க்கிற ஆள். உள்ளே நிற்கிறவன் தடுக்கி விழுந்தால் கோயிலே விழும். நீலத்திரை என்று நாம் பயந்த சாவுகளில் பல டிரைவர்களால் வந்தவை.

ஆகவே யார் உள்ளே போகலாம் என்ற கேள்வி வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது வெறும் எச்சரிக்கை: இந்த வன்பொருள் சான்றிதழ் சோதனையில் தேறவில்லை. ‘பரவாயில்லை, தொடர்’ என்ற பொத்தானை அழுத்துங்கள் என்று கருவியோடு வந்த கையேடுகளே சொல்லிக்கொடுத்தன. முதலில் குறுந்தகடு, பிறகுதான் கருவியைச் செருக வேண்டும், முறை மாறினால் தீட்டு என்பது போன்ற ஆசாரங்களும் அந்தக் கையேடுகளில் உண்டு. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டாவின் 64-பிட் பதிப்பில் எச்சரிக்கை தடையானது. கையொப்பம் இல்லாத கருநிலை டிரைவர் ஏறாது. 32-பிட் டிரைவர் 64-பிட் விண்டோஸில் எப்படியும் ஏறாது. 2016-ல் விண்டோஸ் 10-ன் 1607 பதிப்போடு, பாதுகாப்பான துவக்கம் இயங்குகிற புதிய நிறுவல்களில், புதிதாக எழுதப்படும் கருநிலை டிரைவருக்கு மைக்ரோசாஃப்டின் வாசல் வழியாகவே கையொப்பம் வாங்கியாக வேண்டும் என்றானது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண்டவன் கருவுக்குள் நுழைந்தால் வங்கிக் கணக்கும் போகும், வைத்திருக்கிற கட்டுரையும் போகும். ஆனால் 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்கிற நாசநிரல் எப்படி உள்ளே போயிற்று? ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரு நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிட்ட டிரைவர்களோடு போயிற்று. பூணூல் மாட்டிக்கொண்டு போன திருடன். அதே வாசலில், எழுதியவன் கடையை மூடிவிட்டதால் கையொப்பம் போட ஆளில்லாத பழைய கேப்சர் டிரைவர் வெளியே நிறுத்தப்படுகிறது. உவமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது. கோயில் நுழைவில் தடுக்கப்பட்டவர்கள் மனிதர்கள், இங்கே தடுக்கப்படுவது மென்பொருள். ஆனால் அந்த மென்பொருளின் பின்னால் ஒரு நாடாவும் நாடாவுக்குள் ஒரு மனிதரும் இருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் நினைத்த அளவு பெரிதில்லை.

6

ஈசிகேப் என்ற பெயரில் கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு யுஎஸ்பி கருவி சந்தையில் புழங்குகிறது. பார்த்திருப்பீர்கள், ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வாய்கள். ஒரே கூடு, ஒரே ஸ்டிக்கர். உள்ளே இருக்கிற சில்லு மட்டும் ஆளுக்கொன்று. சின்டெக்கின் எஸ்டிகே1160 இருக்கலாம், எம்பியாவின் இஎம்2860 இருக்கலாம், ஃபுஷிகாயின் யுடிவி007 இருக்கலாம், சோமாஜிக்கின் எஸ்எம்ஐ-2021 இருக்கலாம். ஒன்றின் டிரைவர் மற்றதற்கு ஒத்துவராது. குறுந்தகடு தொலைந்துவிட்டதென்று பெயரை நம்பித் தேடி இறக்கி நிறுவுகிறவன் மூன்று தடவை தோற்று, கருவியே பழுதென்று குப்பையில் போடுகிறான். குறியும் குறிப்பானும் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஒரு குறிப்பான், நான்கு குறியீடுகள், அத்தனையும் சந்தையில்.

இந்த ஈசிகேப்புக்கு லினக்ஸ்காரர்கள் முதலில் ஒரு தற்காலிக டிரைவர் எழுதினார்கள். 2012-ல் எஸ்டிகே1160-க்கு ஒழுங்கான டிரைவர் வந்தது, 2013-ல் ஃபுஷிகாய் சில்லுக்கு. சோமாஜிக் சில்லு மட்டும் முரண்டு பிடித்தது. அது விழித்துக்கொள்ளவே ஒரு நிரல் துண்டு அதற்குள் ஊட்டப்பட வேண்டும். அந்தத் துண்டு விண்டோஸ் டிரைவருக்குள் பொதிந்து கிடக்கிறது. அதைப் பிரித்தெடுத்துத்தான் உயிர் கொடுக்க வேண்டும். உங்கள் கருவி உங்கள் கருவியாக, நிறுவனத்தின் கோப்பைப் பிளந்து அதன் மந்திரத்தை எடுக்க வேண்டியிருக்கிறது.

டிரைவரே வேண்டாம் என்று ஒரு வழியும் பிறந்தது. 2003-ல் யுஎஸ்பி வீடியோ வகுப்பு என்று ஒரு பொது இலக்கணம் வகுத்தார்கள். அதன்படி நடக்கிற கருவியை எந்த இயங்குதளமும் தன் கையிருப்புத் துபாஷியை வைத்தே பேசவைத்துக்கொள்ளும். இன்று வெப் காமிராக்கள் செருகியதும் வேலை செய்வது இதனால்தான். கேப்சர் கருவிகளிலும் இந்த வகை வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் மலிவான பல கருவிகள் படத்தை உள்ளேயே கடுமையாகச் சுருக்கி அனுப்புகின்றன. பால் முறையில் வினாடிக்கு 50 அரைச்சட்டகங்கள் உண்டு. சில கருவிகள் அவற்றை இரண்டிரண்டாகக் கலந்து 25 ஆக்கிவிடுகின்றன. கூத்தில் கிறுகி சுற்றுகிற கால் அந்த அரைச்சட்டகங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கலந்தால் கால் இருக்காது, புழுதிதான் இருக்கும்.

7

மூன்று மினி டிவி நாடாக்கள் என்றேனே, அவற்றின் கதை இன்னும் வேறு. 1995-ல் வந்த டிவி முறையில் நாடாவில் இருப்பதே எண்கள். ஃபயர்வயர் கம்பி வழியே அப்படியே நகலெடுத்துவிடலாம், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 கிகாபைட். அழிவில்லாதது இதுதான் என்று ஒரு தலைமுறை ஆவணப்பட இயக்குநர்கள் அதில் எடுத்துத் தள்ளினார்கள். விண்டோஸ் 8-ல் ஃபயர்வயரின் பழைய டிரைவரை எடுத்துவிட்டு, முணுமுணுப்பு எழுந்ததும் தனியாக இறக்கி நிறுவிக்கொள்ளச் சொன்னார்கள். ஃபயர்வயரை வளர்த்தெடுத்த ஆப்பிளே 2025 செப்டம்பரில் வெளியிட்ட மேக்ஓஎஸ் டஹோவில் அதற்கான ஆதரவை அடியோடு நீக்கிவிட்டது. நேற்றுவரை நாடாவைப் படித்துக்கொண்டிருந்த மேக், இரவு அப்டேட் ஆகிக் காலையில் படிக்காது. லினக்ஸில் 2023-ல் ஃபயர்வயர் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் 2029 வரை பார்த்துக்கொள்கிறேன், அதற்குள் எல்லோரும் வேறு வழிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இந்த வரலாற்றில் சாவுத் தேதியை முன்கூட்டிச் சொன்ன நாணயஸ்தர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

நாடாவும் காத்திருக்காது. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே, 2025க்குள் படியெடுக்காத காந்த நாடாக்கள் பெரும்பாலும் கைநழுவிப் போகும் என்று எச்சரித்தது. 2019-ல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் சேர்ந்து இதே அபாயத்தை உலகுக்கு அறிவித்தன. விஎச்எஸ் விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. தெரிதா ஆவணக்காப்பகம் என்ற சொல்லின் வேரை கிரேக்க மொழியில் நீதிபதியின் வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவார். ஆவணம் யார் வீட்டில் இருக்கிறதோ அவரே அதன் பொருளைச் சொல்ல அதிகாரம் படைத்தவர். வாத்தியாரின் நாடாக்கள் அவர் வீட்டுப் பரணில்தான் இருந்தன. ரேஷன் கார்டும் நிலப்பட்டாவும் வைத்த டிரங்குப் பெட்டிக்கு மேலே. ஆனாலும் பொருள் சொல்லும் அதிகாரம் அந்த வீட்டில் இல்லை.

8

திரும்ப அந்த வாசகத்துக்கு வருகிறேன். 1980களின் நடுவில் மேக்ரோவிஷன் என்று ஒரு நகல் தடுப்பு முறை வந்தது. படக் கம்பெனிகள் விற்கிற கேசட்டில், திரையில் தெரியாத கோடுகளுக்குள் சில துடிப்புகளைச் செருகி வைப்பார்கள். இன்னொரு விசிஆரில் நகலெடுத்தால் படம் மங்கியும் வெளுத்தும் நாறும். அமெரிக்காவில் 1998-ன் சட்டம் வீட்டு விசிஆர்கள் இந்தத் துடிப்புக்குப் பணிய வேண்டும் என்றே விதித்தது. கேப்சர் கருவிகளில் இது எப்படி நடக்கிறதென்றால், சில்லு துடிப்பைக் கண்டதாகச் சந்தேகித்தால் ஒரு கொடியை மட்டும் உயர்த்தும். நிறுத்துவதா விடுவதா என்று தீர்மானிப்பது டிரைவர். பல படி நகலான, ஈரம் பிடித்த, ஒத்திசைவு ஆடிப்போன வீட்டு நாடாக்களில் அந்த ஆட்டத்தையே துடிப்பென்று எண்ணிச் சில்லு கொடியைத் தூக்கிவிடுவதுண்டு.

பெட்டிக்குள் நான் சீந்தாமல் விட்ட குறுந்தகட்டில் இருந்த டிரைவர் கொடியைப் பார்த்தும் பேசாமல் இருந்தது. நான் தேடி இறக்கிய புதிய பதிப்பு கொடியைக் கண்டதும் கதவைச் சாத்தியது. இவ்வளவுதான் நடந்தது. உரிமை என்பதே இல்லாத ஒரு பொதுவெளிக் கூத்தை, கருமாதி வீட்டு வாசலில் ஊரே உட்கார்ந்து பார்த்ததை, நாடா நைந்துபோன காரணத்தாலேயே யாரோ ஒரு முதலாளியின் சொத்தென்று அது தீர்ப்புச் சொன்னது. ஏழையின் வீட்டில் நல்ல பொருள் இருந்தால் திருட்டுப் பொருளாகத்தான் இருக்கும் என்கிற போலீஸ் மூளை.

திருப்பணி என்ற பெயரில் நம் கோயில்களில் மணல் வீச்சு நடத்தி, சுவரைப் பளிச்சென்று ஆக்கி, கல்வெட்டெழுத்தைத் தேய்த்துவிட்டதைப் பார்த்தவர்கள் நாம். அதைச் செய்தவர்கள் யாரும் வரலாற்றை அழிக்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை, புதுப்பிக்கிறோம் என்றுதான் செய்தார்கள்.

பஜார் தெருத் தம்பியிடம் ஒரு பழைய மேசைக் கணிப்பொறி இருக்கிறது. 32-பிட் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் 2014-லேயே அதைக் கைகழுவியாயிற்று. குறுந்தகட்டில் இருந்த பழைய டிரைவரை அதில் ஏற்றினான். முதலில் ஏறவில்லை. வேறொரு யுஎஸ்பி வாயில் செருகினான், ஏறியது. ‘பரவாயில்லை, தொடர்’ கேட்டது, அழுத்தினான். பதினான்காவது நிமிஷத்தில் நாங்கள் இருவரும் பேசவில்லை. கர்ணன் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். நாலாவது நாடாவில், ராத்திரி ஒரு மணி வாக்கில் இருக்கும், பொன்னுருவி வந்தாள். கல்யாண வீடியோக்காரரின் விளக்கு ஒரு பக்கமாக அடித்ததில் முகம் பாதி வெளுத்திருந்தது. மறுபாதியில் வாத்தியார் இருந்தார். போருக்குப் புறப்படுகிற கர்ணனைப் பார்க்காமல், சபையைப் பார்த்துக்கொண்டு, அவனோடு சண்டை பிடிக்கிறார். தம்பி கூத்துப் பார்த்ததில்லை. ‘இது ஆம்பளையாண்ணா?’ என்று ஒரு தரம் கேட்டுவிட்டுக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான்.

எட்டில் ஆறு முடிந்தது. ஒன்றில் பூஞ்சை, துடைத்துக்கொண்டிருக்கிறோம். இன்னொன்றை விசிஆர் கடித்துவிட்டது. மினி டிவிக்கு ஃபயர்வயர் அட்டை ஒன்று சென்னையிலிருந்து வரவேண்டும். பேத்திக்கு நாலாவது நாடாவைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பாதிவரை பார்த்துவிட்டு அப்புறம் பார்க்கிறேன் என்று எடுத்து வைத்துவிட்டாளாம்.

அந்த எக்ஸ்பி கணிப்பொறியின் நெட் ஒயரைத் தம்பி பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்திருக்கிறான். முன்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, ஸ்கெட்ச் பேனாவில், அவன் இல்லாதபோது கடைக்கு வருகிற பையனுக்காக: ‘இதுக்கு நெட் குடுக்காத. அப்டேட் கேட்டா வேணாம்னு அமுக்கு.’